ஒயரைப் பிடுங்கிய பிறகும்

நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம். நர்ஸாக இருந்த அம்மா கையில் ஊசியை எடுத்தாலே தெருவைக் கூட்டிவிடுவேன். கம்ப்யூட்டர் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வேலையில் யாருக்கும் அடிபடாது என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருஷங்கள் அவை. ராணிப்பேட்டையில் நாலே பேர் இருந்த ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்த்தேன். ஆம்பூர்ப் பக்கம், தோல் பதனிடும் கம்பெனிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒரு பிளான்ட்டுக்கு நாங்கள் புரோகிராம் எழுதினோம். அங்கே தரைக்கடியில் ஒரு தொட்டி. அடியில் தேங்கும் சேற்றை வார, சனிக்கிழமைதோறும் ஓர் ஆள் அதில் இறங்குவார். உள்ளே விஷவாயு சேர்ந்திருந்தால் இரண்டு மூச்சில் கதை முடிந்துவிடும். அதனால் வாயுவின் அளவைத் திரையில் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் பச்சை, கூடினால் சிவப்பு.

வாயுவை அளக்கும் கருவியோடு சி மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கம்பைல் செய்த ஃபைல் மட்டும்தான், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க முடியாது. எங்கள் திரையோ பைத்தான் என்ற வேறு மொழியில் ஓடியது. பைத்தான் நேராகப் போய் அந்த ஃபைலோடு பேச முடியாது என்பதால், நடுவில் ஓர் உறை எழுதினேன். இங்கே கேட்பதை அங்கே சொல்லி, அங்கே கிடைப்பதை இங்கே கொண்டுவருவது அதன் வேலை. மொத்தம் நாற்பது வரி இருக்கும். முதல் எண் திரையில் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கருவியோடு வந்த குறிப்பில் ஒரு விஷயம் இருந்தது. வாயுவின் அளவை நாம் காட்டும் இடத்தில் அது எழுதிவைக்கும். அளப்பது சரியாக நடந்ததா இல்லையா என்பதைத் தனியாகத் திருப்பிச் சொல்லும். அந்த இரண்டாவது பதிலை நான் வாங்கவே இல்லை. எண்தான் ஒழுங்காக வருகிறதே, அது வேறு எதற்கு என்று விட்டுவிட்டேன். கொழுப்பு, வேறென்ன.

தொட்டியில் இறங்குகிறவர் ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். திரை வருவதற்கு முன், பழைய வெள்ளிக் கொலுசுத் துண்டு ஒன்றை நூலில் கட்டி உள்ளே தொங்கவிடுவாராம். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்து, கறுத்திருந்தால் அன்று இறங்க மாட்டாராம். அதைச் சொன்னபோது நான் சிரித்தேன். “இனிமே அதெல்லாம் வேணாம்ணே. திரையப் பாத்தா போதும்” என்றேன். பிளான்ட் மேனேஜரும் தன் பங்குக்குக் கையில் பிடிக்கும் வாயு மீட்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, திரையில் இருந்த ஆங்கில எழுத்தைத் தமிழாக்கப் போயிருந்தேன். கண்ட்ரோல் ரூம் வாசலில் நின்றால் தொட்டி தெரியும். ஒரு மணி நேரமாக வாயுவின் அளவு 3.2 என்றே இருந்தது. எவ்வளவு நிதானமாக வேலை செய்கிறது என்று முதலில் பெருமையாகக்கூட இருந்தது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

“காலைல நாத்தம் தாங்கல மேடம். இப்போ கொஞ்சங்கூட இல்ல. ஆள எறக்கிடறேன்.”

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வாயு அதிகமானால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது என்று குறிப்பில் படித்திருந்தேன். எந்த அளவும் ஒரு மணி நேரம் புள்ளிகூட நகராமல் நிற்காது. தொட்டியிலிருந்து வரும் ஒயரைக் கருவியிலிருந்து பிடுங்கினேன். ஒயர் என் கையில் இருந்தது. திரையில் 3.2, பச்சை.

அந்தப் பயத்தை இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வேறெங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, கருவி ‘அளக்க முடியவில்லை’ என்று ஒரு மணி நேரமாகக் கத்திக்கொண்டிருக்கிறது, நான் காதைப் பொத்திக்கொண்டு பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறேன். ஓடினேன். அண்ணன் ஏணியில் மூன்றாவது படியில் இருந்தார், தலை மட்டும் வெளியே தெரிந்தது. அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

“இன்னா மேடம், இப்போதான எறங்கறேன்.”

“ஏறுங்கண்ணே. கம்ப்யூட்டர் பொய் சொல்லுது.”

பீரோவைத் திறந்து மீட்டரைக் கொண்டுவந்து கயிற்றில் இறக்கினார்கள். பாதி ஆழம் போகும் முன்பே அது அலற ஆரம்பித்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருமினார், பிறகு டீ கேட்டார். நான் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன்.

ரிப்போர்ட்டில் ‘ஒயர் கோளாறு’ என்று எழுதினேன். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அன்றே உறையைத் திருத்தினேன். சரி என்ற பதில் வராவிட்டால் எண் மறைந்து திரை சிவப்பாகும். மீட்டரை ஆணியில் மாட்டவைத்து, அதைத் தொட்டிக்குள் இறக்கி, இரண்டையும் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது என்றேன். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அண்ணனின் மனைவி கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர். ஒரு பை நிறைய மல்லாட்டை, தோலோடு வேகவைத்த வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லன்னா என் புள்ளைங்க தெருவுல நின்னிருக்கும்மா” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. “இல்லக்கா. நான் எழுதினது தப்பா இருந்துச்சு. என்னாலதான் அவரு எறங்கினாரு” என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவராண்ட இத சொல்லிடாதம்மா. திரைய நம்பித்தான் எறங்கறாரு. பயந்துட்டாருன்னா நாங்க இன்னா பண்றது?”

வெளியே அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொட்டி ஓரத்தில் நின்றார். இறங்கலாமா என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக் கேட்டார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்தேன், தொட்டிக்குள் இறக்கி எடுத்துவந்த மீட்டரைப் பார்த்தேன், மறுபடியும் திரையைப் பார்த்தேன். இரண்டிலும் குறைவுதான். பிறகு, இறங்கலாம் என்று தலையாட்டினேன்.