எப்படி வெட்டணும்?

முடி வெட்டுகிற தொழிலில் கத்திரியை விட முக்கியமானது ஒரு கேள்வி. கழுத்தில் துணியைக் கட்டியதும் கண்ணாடியைப் பார்த்து, "எப்படி வெட்டணும்?" என்று கேட்பேன். பதில் யார் வாயிலிருந்து வருகிறது என்பதை வைத்தே நாற்காலியில் இருப்பவனுக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம். வீட்டில் பதினாறு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களே, நீங்கள் ஒரு பிள்ளையோடு படுகிற பாட்டை நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரோடும் படுகிறேன். கடை ராஜபாளையத்தில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் அந்தத் தலைகளைப் பற்றித்தான் நினைப்பு. அதில் ஒரு தலையை மட்டும் ஆரம்பத்திலிருந்து பார்த்தேன்.

பெஞ்சிலிருந்து வந்த பதில்

முனியசாமி அண்ணாச்சிக்கு நூல் மில்லில் வேலை. காதோரம் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். மீசை மட்டும் பஞ்சுக்குப் பயப்படாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகன் மாரீஸ்வரனை மாதம் தவறாமல் கூட்டி வருவார். நான் பையனைக் கேட்பேன். பின்னால் பெஞ்சில் பேப்பர் படிக்கிற அப்பா பதில் சொல்வார்.

ஒருநாள் வேண்டுமென்றே, "நீ சொல்லுப்பா" என்று பையன் முகத்தையே பார்த்தேன். அவன் வாய் திறந்தது. சத்தம் வருவதற்குள் பேப்பர் கீழே இறங்கியது.

"அவங்கிட்ட என்ன கேள்வி? தல அவனுதுன்னாலும் பெத்தது நானு. ஒட்ட வெட்டுங்க!"

நாலு தலை, ஒரு படம்

பத்தாம் வகுப்பில் மாரீஸ் முதல்முறையாக அப்பா இல்லாமல் வந்தான். கூட மூன்று கூட்டாளிகள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு போன், அதில் ஒரு படம். பக்கவாட்டில் வழித்து, மேலே சேவல் கொண்டை மாதிரி நிறுத்திய தலை. மூன்று பேருக்கு அதே வெட்டு வெட்டி முடித்தபோது எனக்கே அலுத்துவிட்டது. கடைசியாக மாரீஸ் ஏறி உட்கார்ந்தான். கேள்வியைக் கேட்டேன். பெஞ்சில் இப்போது அப்பா இல்லை, கூட்டாளிகள் இருந்தார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"அவனுகளுக்கு வெட்டுன மாதிரியேதான் எனக்கும் வேணும் அண்ணாச்சி. ஆனா நான் மட்டும் தனியாத் தெரியணும்."

ஒட்டி விடுங்க

பிளஸ் டூ படிக்கும்போது வந்து, அரும்பு மீசையை எடுக்கச் சொன்னான். எங்கள் பக்கம் மகன் மீசையை எடுக்கிறான் என்றால் அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம். எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் அந்தக் காலம்" என்று முகத்தை நீட்டினான். எடுத்து முடித்ததும் கண்ணாடியில் தன் முகத்தை யாரோ ஊருக்குப் புதுசாக வந்தவரைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தான். சாதாரண முகம்தான். ஆனால் அதை அவன் அப்படிப் பார்த்த விதத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அவனுக்குள்ளே யாரோ எழுந்து உட்கார்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலமே ஷிப்ட் முடிந்த முனியசாமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். உடம்பெல்லாம் பஞ்சு, மீசை துடிக்கிறது.

"எடுத்ததத் திரும்ப ஒட்டி விடுங்க அண்ணாச்சி! நான் இன்னும் சாகல!"

போலீஸ் கட்டிங்

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது காக்கி போடவேண்டும் என்று ஆசைப்படுவார்கள். முனியசாமிக்கும் அந்த ஆசை. மாரீஸ் போலீஸ் தேர்வுக்குப் போக வேண்டும் என்று போலீஸ் கட்டிங் வெட்டிக்கொண்டு போனான். ஓட்டத் தேர்வில் தோற்று வந்தான்.

கொஞ்ச நாளில் மறுபடியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் துணியைக் கட்டிவிட்டு வழக்கம்போலக் கேட்டேன். பெஞ்சு காலியாக இருந்தது. அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். துணியை அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை.

"அப்பா போகச் சொன்னாவ, போனேன். எனக்கு எது புடிக்கும்னு எனக்கே தெரியல அண்ணாச்சி."

அதே வெட்டு

அதற்குப் பிறகு ஆளையே காணோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிற இடத்தில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். "போலீஸ் ஆகவேண்டியவன் பால் கிண்டுறான்" என்று முனியசாமி மனம் நொந்துபோய், மகனோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

பிறகு ஒருநாள் மாரீஸ் தனியாக வந்தான். முன்னங்கையில் பால் தெறித்த தழும்புகள். நான் கேள்வியை முடிக்கக்கூட இல்லை. "ஒட்ட வெட்டுங்க. பால்ல ஒரு முடி விழுந்துறக் கூடாது" என்றான். பால் எப்போது பதம் மாறும், எப்போது கிண்டுகிற துடுப்பை நிறுத்தக்கூடாது என்று வெட்டி முடிக்கும்வரை அதே பேச்சு. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வாய் திறந்தும் சத்தம் வராத அந்தப் பையனா இவன்!

"இது உங்க அப்பா வெட்டச் சொன்ன அதே வெட்டுதானலே?" என்று சீண்டினேன். அவன் கோபப்படவில்லை.

"வெட்டு அதேதான். ஆனா இப்ப நானு சொல்லுதேன்."

அவிய தல

போன வருஷம் முனியசாமிக்குப் பக்கவாதம் வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பது கஷ்டம் என்று ஊரே பேசியது. ஒருநாள் காலையில் கடையைத் திறக்கும்போது மாரீஸ் வாசலில் நிற்கிறான். மீசையை எடுக்கத்தான் வந்திருக்கிறானோ என்று அவன் மீசை மேல் கண் போனது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் பூட்டையே திருகிக்கொண்டு நின்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. அப்பாவ வீட்டுக்குக் கூட்டியாந்தாச்சு. முடி காடா வளந்து கெடக்கு. செத்த நேரம் வந்துட்டுப் போங்க" என்றான்.

வீட்டில் முனியசாமியைத் தூக்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தான். வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணிப் பேச்சுக் குழறியது. துணியைக் கட்டினேன். சிரமப்படுகிறவரை எதற்குக் கேட்பது என்று மகன் பக்கம் திரும்பி, "எப்படி வெட்டணும்?" என்றேன்.

"அவிய தல அண்ணாச்சி. அவியகிட்டயே கேளுங்க."

சொல்லிவிட்டு அப்பாவின் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்தது. அவருக்குச் சத்தம் வரவில்லை. அவன் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, பொறுத்திருந்தான். இவனுக்கு யாரும் தராத ஒன்றை இவன் எங்கிருந்து எடுத்துத் தருகிறான் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் முனியசாமி மகனைப் பார்த்தபடியே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"மீசைய... மட்டும்... தொடாதீங்க."

தலைக்கு வெளியே வளர்வதை மாதாமாதம் வெட்டித் தள்ளிவிடுகிறோம், உள்ளே வளர்வது எப்போது வெளியே வரும் என்று தெரியாமல்தான் பெற்றவர்களும் முடி வெட்டுகிற நாங்களும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.