சுவரில் பன்னிரண்டாவது பேர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு நீண்ட சுவர் உண்டு. மேஸ்திரி ஜெகன் தினமும் காலையில் அதில் கரித்துண்டால் பன்னிரண்டு பேரை எழுதுவார். பேர் இருந்தால் மதியம் வேனில் இடம், கம்பி கம்பெனியில் வேலை. வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. போனில் போட்டால் அத்தாட்சியாகிவிடும்; சுவரில் போட்டால் மழைக்குப் போய்விடும். நிர்வாகத்தில் இதைவிட உயர்ந்த நெறி எதையும் நான் கண்டதில்லை.

சுகிர்தாவுக்கு முப்பத்தாறு வயது. கம்பிக் கட்டுகளுக்கு விவர அட்டை கட்டுவதில் பதினோரு வருட அனுபவம். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று ஒருமுறை கேட்டுவிட்டாள். அந்த மாபெரும் குற்றத்துக்காக மூன்று வாரம் சுவரில் அவள் பேர் வரவில்லை. அன்று வந்திருந்தது. பன்னிரண்டாவதாக, கடைசியில், கொஞ்சம் கோணலாக. பார்த்துவிட்டுச் சோறு கட்ட வீட்டுக்கு ஓடினாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

பத்தாவது நிமிடத்தில் கரூரிலிருந்து நாட்டு நலப்பணி வந்து சேர்ந்தது. ஒன்பது கல்லூரி மாணவர்கள், நான்கு டப்பா எனாமல் பெயிண்ட், ஒரு பேனர். ரயிலைவிட்டு இறங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊரின் குறைகள் அத்தனையும் அவர்களுக்கு விளங்கிவிட்டன. தலைவன் பரத் சுவரைப் பார்த்து மனம் வெதும்பினான்.

"எவ்வளவு கிறுக்கல் பாருங்க!"

அதன் முன்னால் நின்று ‘முன்பு’ என்று ஒரு படம் எடுத்துக்கொண்டான். பிறகு எல்லோரும் சேர்ந்து வெள்ளையடித்து, மேலே பெரிய மரம் ஒன்றை வளர்த்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான்.

ஒன்றரை மணிக்குச் சோற்றுக் கூடையோடு வந்த சுகிர்தா அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாப்பா இது? எம்பேரு எங்க?"

"ஆன்ட்டி, இது விழிப்புணர்வு ஓவியம்..."

"மூணு வாரமா நான் முழிச்சிக்கினுதான் கீறேன். பேரு எங்கன்னு கேக்கறேன்!"

விஷயம் புரிந்ததும் பரத்தின் முகம் சுவரைவிட வெளுத்தது. அதற்குள் பேர் வந்தவர்களும் வராதவர்களும் கூடிவிட்டார்கள். வேனும் வந்து நின்றது. டிரைவர் சடையப்பன் தலையை நீட்டினார்.

"லிஸ்ட்டு எங்க? செவுத்துல பேரு இல்லாம ஒருத்தரையும் ஏத்தாதேன்னு மேஸ்திரி ஆர்டரு. போன் அடிச்சா எடுக்கமாட்றாரு. ஒரே பேஜாரு."

பரத் போனில் ‘முன்பு’ படத்தை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். சடையப்பன் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக ஏறினார்கள். பதினொன்றோடு நின்றது. பன்னிரண்டாவது பேர் இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்தியபடி பரத் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அந்தத் தலைக்குப் பின்னால நான்தாண்ணே கீறேன்," என்றாள் சுகிர்தா.

"தலைக்குப் பின்னால யாரு கீறாங்கன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? செவுத்துல இருந்தா ஏறு."

சுகிர்தா பரத்தைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கி, சிவப்பு டப்பாவில் முக்கி, அடிமரத்தின் நட்டநடுவில் தன் பேரை எழுதினாள். இந்த முறை கோணல் இல்லை.

"இப்ப கீதா?"

சடையப்பன் உற்றுப் பார்த்தார். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர்.

"கீது. ஏறு."

வேன் கிளம்பும்போது, மூன்று நாளாய், ஐந்து நாளாய்ப் பேர் வராதவர்கள் மிச்சமிருந்த பிரஷ்களுக்காக மாணவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் அறிக்கையில் பரத் எழுதினான்: ‘உள்ளூர் மக்கள் பேரார்வத்துடன் பங்கேற்றனர்.’

மறுநாள் காலை, கரித்துண்டும் கையுமாக வந்த ஜெகன் மேஸ்திரி மரத்தின் முன்னால் வாயைப் பிளந்து நின்றார். கிளைக்கு நாலு பேராக நாற்பத்தெட்டுப் பேர். நடுவில் சுகிர்தா. அத்தனையும் எனாமல். எந்த மழைக்கும் போகாது.