ஈரக்காலனைத் தப்பவிட்ட மாப்பிள்ளை

வெட்டியது வெட்டியதுதான். இருபது முகப் பகடையில் இருபது விழுந்ததை ரொட்டிக்கடைக்காரர் பார்த்தார், நர்ஸ் பார்த்தாள், மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகூடப் பார்த்தது. அப்படியிருந்தும் ஈரக்காலன் தப்பித்துவிட்டான் என்று சொன்ன மாப்பிள்ளையை வெல்டர் வருஷக்கணக்காக மன்னிக்கவில்லை. மேசை விளையாட்டுக்கா இத்தனை வன்மம் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வயிற்றெரிச்சலை அளக்க யாரிடம் அளவுகோல் இருக்கிறது?

மாப்பிள்ளை என்றால் வெல்டருடைய தங்கையின் புருஷன். லிப்ட் மெக்கானிக். பாதி நாள் கட்டடங்களின் குடலுக்குள் கம்பிவடமும் கிரீஸுமாகத் தொங்கிக்கொண்டிருப்பவர். வலது முழங்கால் மடங்காது, பழைய விபத்து. பத்து வார்த்தை கேட்டால் ஒன்று வரும், அதுவும் தவணையில் வரும் என்று தங்கையே சொல்லுவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ரொட்டிக்கடையின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். கதையை அவர் நடத்துவார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷமாக நடமாடுவார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். மாப்பிள்ளை மட்டும் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதற்குப் பின்னால் உருட்டுவார். அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கதை நடத்துகிறவர் சொன்னால் சொன்னதுதான்.

வெல்டர் கோடாலிக்காரன். அவர் வேறு என்னவாக இருப்பார்? நர்ஸ் திருடி. உடம்புக்கு முன்னால் தொப்பை வந்துசேரும் ரொட்டிக்கடைக்காரர், காற்றடித்தால் பறக்கும் ஒல்லி மந்திரவாதி. மூவருக்கும் ஒரே பகை, ஈரக்காலன்.

அவன் குரலை உயர்த்தவே மாட்டான். ஊரைக் கொளுத்திவிட்டு, "உங்களுக்குச் சிரமம் கொடுத்துட்டேன்" என்பான். வரும்போது கையில் ஏதாவது பரிசு இருக்கும். போகும்போது யாருடைய உயிராவது போயிருக்கும். நடந்த இடத்தில், கோடையானாலும், ஈரத்தடம் காயாமல் கிடக்கும். மாப்பிள்ளை குரலை இறக்கி, "வாசல்லேருந்து ஒரு ஈரத்தடம்..." என்று ஆரம்பித்தாலே நர்ஸ் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வாள். கோடாலிக்காரனின் தம்பியைக் கொன்றவன் அவன்தான். வெல்டருக்கு நிஜத்தில் தம்பியே கிடையாது. ஆனாலும் கதையில் தம்பி செத்த அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எத்தனை தடவைதான் நழுவுவான் உங்க ஆளு? எண்ணெய் தடவிக்கிட்டு வரானா?" என்று கேட்பார்.

"அவன் என் ஆளில்லை மச்சான்." அவ்வளவுதான் பதில்.

கடைசியில் ஒரு பாழடைந்த கிணற்றறையில் மாட்டினான். ஒரே கதவு. கதவில் கோடாலிக்காரன். வெல்டர் பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதி உருட்டினார். இருபது. ரொட்டிக்கடைக்காரர் மேசையில் அடித்த அடியில் மாவு பறந்தது.

"சொல்லுங்க மாப்ளே! தலை போச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க!" வெல்டர் துள்ளினார்.

எதிராளிக்கும் தப்பிக்க ஓர் உருட்டு உண்டு, பதினைந்துக்கு மேல் விழுந்தால் பிழைத்தான். தடுப்புக்குப் பின்னால் பகடை உருண்டது. மாப்பிள்ளை அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு. குனிஞ்சுட்டான். கோடாலி சுவத்துல பட்டுது. கிணத்துல குதிச்சுட்டான்."

டீ ஊற்ற எழுந்த நர்ஸ் அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவள் முகம் போன போக்கை வெல்டர் கவனித்தார். தெருவுக்கு வந்ததும் மடக்கினார்.

"என்னம்மா விழுந்துது?"

"விடுங்கண்ணே. விளையாட்டுதானே?"

"சொல்லுன்னா சொல்லு."

"ரெண்டு."

வெல்டர் திரும்பி உள்ளே போனார். மாப்பிள்ளை பகடைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டைப் பதினெட்டுன்னு படிக்க எந்தப் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டீங்க மாப்ளே? நான் அஞ்சாவதோட நின்னவன், எனக்கும் சொல்லிக்கொடுங்க."

"கதைக்கு அவன் வேணும் மச்சான்."

"அவன் வேணும். நான் வேண்டாம். அப்படித்தானே?"

மாப்பிள்ளை பையின் சுருக்கை இழுத்துக் கட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய வெல்டர் அந்தப் பின்னறையை அப்புறம் மிதிக்கவில்லை. குடும்பத்தில் நல்லது கெட்டதுக்குப் பார்த்தால், "வெயில் ஜாஸ்தி", "ஆமா ஜாஸ்தி". அதோடு சரி. கோடாலிக்காரன் இல்லாத கூட்டம் கொஞ்ச காலம் நொண்டியடித்துக் கலைந்தது. "குழந்தைங்க தேவலை, பகடைக்காக மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அலையறீங்க" என்று தங்கை இருவரையும் திட்டித் திட்டி ஓய்ந்தாள்.

சில வருஷம் போனதும் மாப்பிள்ளைக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவரு உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

வெல்டர் நான்கு மாடி ஏறினார். கட்டிலில் சட்டை மட்டும் பழைய அளவில் கிடந்தது. உள்ளே ஆள் பாதிதான்.

"படி ஏறியா வந்தீங்க மச்சான்?"

"வேற? லிப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடம். லிப்ட் ஓடலை."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, இருமலாகி அடங்கியது. தங்கை தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நலம் விசாரிக்கத்தான் வெல்டர் வாயைத் திறந்தார். நெஞ்சில் கிடந்தது முந்திக்கொண்டது.

"அன்னைக்கு அவன் செத்தானா இல்லையா மாப்ளே? அதை மட்டும் சொல்லிடுங்க."

"செத்தான். நீங்கதான் கொன்னீங்க."

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை.

"அப்புறம் ஏன்?"

"அவன் செத்தான்னு சொன்னா அதுதான் பொய்யாத் தோணுச்சு. நான் பார்த்தவரைக்கும் அவன் சாகறதில்லை மச்சான். பதவி உயர்வுதான் வாங்கறான்."

பிறகு மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். முழங்கால் போன அன்றைக்கு லிப்ட் கூண்டின் மேலே நின்று கம்பிவடத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தாராம். வேலை நடப்பதாகக் கீழே பலகை வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டு மின்சாரத்தைப் போடச் சொன்னது சூப்பர்வைசர். யாரோ பெரிய இடத்து ஆள் மேலே போக அவசரமாம். கூண்டு ஏறி, முழங்காலை உத்தரத்தோடு நசுக்கியது. மறுநாள் கொட்டும் மழையில் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார் சூப்பர்வைசர். வார்டு வாசலிலிருந்து கட்டில்வரை ஈரத்தடம். பலகை வைக்க மறந்துட்டீங்களே, பரவாயில்லை, வேலை போகாம நான் பார்த்துக்கறேன் என்றார், மெதுவான குரலில். அப்புறமும் வந்தார். ஒருமுறை இடமாற்றம், இன்னொருமுறை சம்பள வெட்டு. ஒவ்வொரு முறையும் கையில் ஒரு பரிசு. இப்போது அவர் மேனேஜர்.

வெல்டர் குறுக்கே பாய்ந்தார். "இதை அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா..."

"நீங்க அந்த வார்டுலதான் இருந்தீங்க மச்சான். அவருக்கு நாற்காலி போட்டதே நீங்கதான். இவ்வளவு பெரிய மனுஷன் நேர்ல வந்ததே பாக்கியம்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் யார்கிட்ட சொல்ல?"

நாற்காலி போட்டது வெல்டருக்கு நினைவுக்கு வந்தது. அந்தப் பையிலிருந்து இரண்டு ஆப்பிளைத் தின்றதும் வந்தது.

"ஞாயித்துக்கிழமை ரொட்டிக்கடைக்காரரையும் நர்ஸையும் கூட்டிட்டு வரேன்," என்றார் வெல்டர். "தடுப்பெல்லாம் வேண்டாம். எல்லார் கண்ணு முன்னாலயும் உருட்டுவோம். அவனை முடிச்சுடலாம்."

"வேண்டாம் மச்சான். கதை சொல்ல மூச்சு இல்லை. நீங்க வேற ஒண்ணு செய்யணும்."

"சொல்லுங்க."

மாப்பிள்ளை அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நான் போனதும் கம்பெனிலேருந்து மாலை வரும். அந்த மேனேஜரே கொண்டு வருவாரு. எல்லார்கிட்டயும் தன்மையாப் பேசுவாரு. உங்க தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது, உள்ளே வாங்கன்னு கூப்பிட்டுடுவா. நீங்க வாசல்ல நில்லுங்க. கை வைக்க வேண்டாம், கத்த வேண்டாம். அவரை என் பக்கத்துல மட்டும் வர விடாதீங்க."