ஒரே புள்ளியில் இரண்டு பேர்

மகள் சோங்சிங்குக்கு வேலைக்குப் போகிறேன் என்றபோது, அது சீனாவில் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. பலேர்மோவில் பிறந்து, சிசிலிக்காரர் மாதிரியே இழுத்து இழுத்து இத்தாலியன் கதைக்கிற பிள்ளை. அந்த இத்தாலியனைப் படிப்பிக்கத்தான் போனாள். தகப்பன் செத்து ஒரு வருடம் ஆகவில்லை. பகலில் வயதான ஒரு சின்யோராவைக் குளிப்பாட்டி, சமைத்து, அவவின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து எங்கள் பகுதியான பிரான்காச்சோவுக்கு வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இராது. எனக்கு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை.

இரண்டு வருடம் பொறுத்தேன். சின்யோராவை மகன் கொஞ்ச நாள் மிலானோவுக்குக் கூட்டிப்போனதும் டிக்கெட் போட்டுவிட்டேன். ஊர் பார்க்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் அவளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன்.

அவளுக்குப் பகல் முழுக்க வகுப்பு. "தனியப் போய்ப் பாருங்கோ அம்மா, இஞ்சை பயமில்லை" என்று என் போனில் வரைபடம் ஒன்றைப் போட்டுத் தந்தாள். நான் ஒரு புள்ளி, அவள் ஒரு புள்ளி. யார் எங்கே நிற்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்படி ஓர் ஊரை நான் கண்டதில்லை. மலையைத் தொந்தரவு செய்யாமல் அதன் தோளிலும் முதுகிலும் ஊரை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ரோட்டிலிருந்து ஒரு கட்டிடத்துக்குள் போய், லிப்டில் பத்தாம் மாடிக்கு ஏறி, கதவைத் தள்ளினால் அங்கேயும் ரோடு, பஸ், மரக்கறி விற்கிற மனுசி! நான் வேலை செய்த வீடுகளில் மாடி ஏறினால் மாடிதான் வரும். இங்கே எது தரை என்று யாரைக் கேட்பது? ரயில் ஒரு குடியிருப்புக் கட்டிடத்தின் வயிற்றுக்குள்ளால் புகுந்து போனது. பக்கத்து யன்னலில் யாரோ உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். ரயிலை விட்டுவிட்டு அந்த உடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாழ்ப்பாணத்து வாய்க்கு உறைப்பு ஒரு விசயமா என்று, சிவப்பாய்க் கொதிக்கிற சட்டிக்கு முன்னால் ஒரு கடையில் தைரியமாய்க் குந்தினேன். உறைப்பைச் சமாளித்துவிடலாம், நாக்கு விறைத்துப் போனதை என்ன செய்வது? கடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். "பார்த்தீங்களே" என்று இவளின் தகப்பனுக்குச் சொல்லப் பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினால், அங்கே ஆளில்லை. கண் கலங்கிவிட்டது. உறைப்பு என்று அவள் நினைத்திருப்பாள்.

கடைசி நாள் பின்னேரம் மகள் வருவதாக இருந்தது. "வா பிள்ளை, வீட்டை போவம்" என்று சாப்பிடும்போது சொல்வதாக மனதுக்குள் வைத்திருந்தேன். ஆற்றங்கரை ரோட்டில் மூடுபனி. போனில் அவள் புள்ளி என் புள்ளிக்கு மேலேயே வந்து குந்தியது. ஆளைக் காணோம். போன் அடித்தது.

"அம்மா, எங்கை நிக்கிறியள்?"

"நீ நிக்கிற இடத்திலைதான். கண்ணைத் திறந்து பார்!"

"மேலை ரோட்டிலையோ, கீழை ரோட்டிலையோ?"

அந்த வரைபடத்துக்கு உயரம் தெரியாது. அவள் என் தலைக்கு நேர் மேலே, இன்னொரு ரோட்டில். எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டுப் படியில் விறுவிறென்று ஏறினேன். மூச்சு வாங்க மேலே போய் நின்றால், அவள் லிப்டில் கீழே இறங்கிவிட்டாள். திரும்பவும் இரண்டு புள்ளியும் ஒன்றாய் நின்றன.

"அம்மா, நீங்கள் போட்ட சட்டம்தானே!" என்றாள் போனில்.

பலேர்மோவில் நாங்கள் சைவக்காரர் என்றாலும், ஞாயிறு என்றால் ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரோசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறுவோம். மலைப்பாதையில் இவள் முன்னுக்கு ஓடிப் போய்விடுவாள். அதனால் நான் போட்ட சட்டம் அது. ஆளை ஆள் தவறவிட்டால் கீழே நிற்பவர் அசையக்கூடாது. மேலே நிற்பவர்தான் இறங்கி வர வேண்டும்.

இப்போது மேலே நின்றது நான். இறங்கினேன்.

அவள் படியடியில் அசையாமல் நின்றாள். தோடம்பழம் விற்கிற ஒரு மனுசியோடு சீனத்தில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அந்த மனுசி தன் ஸ்டூலைத் தூக்கி எனக்குப் போட்டாள்.

"அம்மா இறங்கி வாறா, கால் நோகும் எண்டு சொன்னனான்" என்றாள் மகள்.

தகப்பன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

சாப்பிடும்போது, மனதுக்குள் வைத்திருந்ததை நான் எடுக்கவில்லை. அவள்தான் தொடங்கினாள்.

"நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தானே வந்தனீங்கள்?"

"ஓம்."

"நான் வரேல்லை அம்மா."

"தெரியும். சாப்பிடு" என்றேன். கோபம் வரவில்லை.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, தனியே மொந்தே பெல்லெக்ரினோவுக்குப் போனேன். பாதி வழியில், நாங்கள் தண்ணீர் குடிக்கிற திருப்பத்தில் நின்றபோது போன் அடித்தது. என் புள்ளியைப் பார்த்திருக்கிறாள்.

"மலையிலையோ நிக்கிறியள்? தனியவோ?"

"தனியத்தான்."

"அசையாமல் நில்லுங்கோ, நான் இறங்கி..." என்று பழக்கத்தில் தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். மேலேயிருந்து யாருடைய பிள்ளைகளோ இறங்கி ஓடி வந்தார்கள்.

"கவனமா ஏறுங்கோ அம்மா" என்றாள்.

ஏறினேன்.