சுபைர் கேட்டுக்கொண்டே இருந்த ரிசல்ட்

சுபைர் போய்விட்டார்.

ரிசல்ட் வந்துவிட்டது என்று சொல்லத்தான் காலையில் போன் போட்டேன். அவர் மகன் எடுத்தான். "அத்தா சுபுஹு தொழுகை நேரத்துக்கே மௌத்தாயிட்டாங்க, ஆன்ட்டி..."

அப்போதிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார முடியவில்லை.

எழுபதுகளில் பாலக்காட்டில் பாம்பு விஷத்தை ஆராயும் ஒரே லேபில் வேலை பார்த்தோம். நான் கொழிஞ்சாம்பாறை விவசாயக் குடும்பம், அவர் ஜவுளிக்கடைக்காரர் மகன்.

சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டத்தில் பேச்சியம்மா என்ற தொழிலாளியைக் குட்டை விரியன் ஒன்று கடித்தது. விஷமுறிவு ஊசி போட்டும் பிழைக்கவில்லை. பிடித்து வைத்திருந்த அந்தப் பாம்பின் விஷம் சேகரிக்கப் போன எங்களிடம் அவள் புருஷன் கேட்டார். "ஊசி போட்டாகளே சார்... பெறவு ஏன் கேக்கல?"

திரும்பும் வழியெல்லாம் சுபைர் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விஷத்தை உலர்த்திப் பொடியாக்கினோம். அது காயும்வரை லேபில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். "ஏனுங்க சுபைர், சித்த உக்காருங்க. பாக்கிற எனக்கே தலை சுத்துதுங்க" என்பேன். எங்கே கேட்டார்...

விஷம் என்பது பல புரதங்களின் கலவை. எது எவ்வளவு என்று அளக்க வேண்டும். மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்திருந்த ஒரு வெளியூர் லேபுக்கு எழுதினோம். புரதம் ரொம்பப் பெரிய மூலக்கூறு, எங்கள் மெஷின் தாங்காது என்று பதில் வந்தது.

"மெஷின் வளரட்டும் சரசு, நாம வச்சிருப்போம்" என்று குழாயை சீல் செய்தார். ரிட்டயர் ஆனதும் அதை வீட்டு ஃபிரிட்ஜுக்கே கொண்டுபோய்விட்டார்.

"ஊட்டுல என்னன்னு சொன்னீங்க?"

"ஹோமியோ மருந்துன்னு. பயப்படாதிங்க, டப்பாவுக்குப் பூட்டு போட்டிருக்கு."

போன வருஷம் என் பழைய மாணவியின் லேபுக்கு அனுப்பினோம். அதிலிருந்து தினமும் அவரிடமிருந்து போன்... "வந்தாச்சா?"

இன்று காலை அவள் கூப்பிட்டாள். எல்லாப் புரதமும் அளந்தாகிவிட்டது. அந்த ஊசி எந்தப் பாம்புகளுக்காகச் செய்ததோ, அவற்றின் புரதங்கள் வேறு, இதன் புரதங்கள் வேறு. அதனால்தான் கேட்கவில்லை, சுபைர். இதைச் சொல்ல சில மணி நேரம் பிந்திவிட்டேனே.

கூடவே கெரட்டினும் இருந்ததாம். மனிதத் தோலின் புரதம், கையாண்டவர்களிடமிருந்து ஒட்டியது. "அது அழுக்கு மேடம், கணக்குல கழிச்சிடறேன்" என்றாள். சரி என்றேன்.

அந்தப் பொடியை வெறுங்கையால் வழித்துக் குழாயில் போட்டது நாம் இருவர்தான். உங்கள் தோலா, என் தோலா என்று மெஷினுக்குத் தெரியாதாம்.

உங்கள் மகனிடம் பேசிவிட்டு அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். "கழிக்காதே கண்ணு, அப்படியே அனுப்பு."

ரிசல்ட் வந்தாச்சுங்க, சுபைர். இனி உக்காருங்க.