இருபத்தைந்து சுருட்டுகளும் ஒரு கண்ணாடி மூடிப் பெட்டியும்

அந்த வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அப்போதுதான் சீவிய பென்சில், கொஞ்சம் வெல்லப்பாகு, அடியில் காய்ந்த புகையிலை... மூன்றும் கலந்த ஒரு வாசனை.

கல்யாணமாகி நாற்பது நாள். என் கணவருக்கு ஜாம்பியாவில் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. அங்கே ஒரு பண்ணைக்காரர், தன் நிலத்தில் தண்ணீர் வந்த சந்தோஷத்தில், இருபத்தைந்து சிகார் இருக்கும் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார். நம் ஊர்ச் சுருட்டு மாதிரி இல்லை. கட்டைவிரல் தடிமன், ஒவ்வொன்றுக்கும் தங்க நிறத்தில் காகித வளையம்!

"சொந்தமா ரிக் எடுத்து மொத போர் போடறன்னைக்குத்தான் இதைப் பத்த வெக்கோணும். அதுவரைக்கும் காயாமப் பாத்துக்க அம்மிணி" என்று என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

எனக்கு ஒரே உற்சாகம். நான் அப்போது நாமக்கல் பக்கம் ஒரு கோழிக்குஞ்சு ஹேச்சரியில் சூப்பர்வைசர். முட்டை வைக்கும் மெஷினில் சூடும் ஈரப்பதமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. ஆயிரக்கணக்கில் முட்டைகளைக் காப்பாற்றுகிறவளுக்கு இருபத்தைந்து சுருட்டு ஒரு விஷயமா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடினேன். சுருட்டு காயாமல் ஈரப்பதத்தைக் காப்பதற்கென்றே 'ஹியூமிடார்' என்று ஒரு பெட்டி இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். நான் தேர்ந்தெடுத்தது கண்ணாடி மூடி போட்டு, முன்னால் ஈரப்பதம் காட்டும் பித்தளை மீட்டர் பதித்த மரப்பெட்டி. ஏன் அது? பார்க்க அழகாக இருந்தது... அவ்வளவுதான்.

பார்சல் வந்த அன்றே உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, கூடவே வந்த ஸ்பாஞ்சை எங்கள் போர் தண்ணீரில் முக்கி வைத்து, சுருட்டுகளை அடுக்கி மூடிவிட்டேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன் வரும்.

"எத்தனை காட்டுது?"

"அறுவத்தெட்டுங்க."

"செரி... செரி."

பெரும்பாலும் அதுதான் எங்கள் பேச்சு. ஆனாலும் ஐந்தரைக்கே மீட்டரைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பேன்.

மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால், மூன்று சுருட்டுகளின் மேல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருந்தது. பூஞ்சை. மீட்டர் மட்டும் அசையாமல் அறுபத்தெட்டிலேயே நின்றது.

அன்றைக்கு ஆறு மணிக்குப் போன் வந்தபோது, "அறுவத்தெட்டுங்க" என்றேன். முதல் பொய்.

மறுநாள், ஹேச்சரி மீட்டர்களைச் சோதிக்கச் செய்வதையே இதற்கும் செய்தேன். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரைக் கழற்றி இரண்டையும் ஒரு ஜிப் கவரில் வைத்து ஒரு நாள் மூடி வைத்தேன். ஈர உப்போடு மூடி வைத்தால் நல்ல மீட்டர் எழுபத்தைந்து காட்ட வேண்டும். காட்டியது அறுபத்திரண்டு! அப்படியானால் பெட்டிக்குள் இத்தனை நாளும் எண்பதைத் தாண்டி இருந்திருக்கிறது. முட்டைக்குள் கரு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் டார்ச்சை உள்ளே எரியவிட்டு மூடினேன். கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் சுற்றிலும் இடுக்கு வழியே வெளிச்சம் கசிந்தது. மழை நாளின் காற்று இஷ்டத்துக்கு உள்ளே போய் வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போல் கேட்டார். இந்தத் தடவை நான் எண்ணைச் சொல்லவில்லை.

"ஏனுங்க... மூணு சுருட்டு கெட்டுப்போச்சுங்க. மீட்டரே தப்புங்க. ரெண்டு நாளாப் பொய் சொல்லிப்போட்டேன்."

அந்தப் பக்கம் கடகடவென்று சிரிப்பு!

"போனாப் போவுது உடு. எனக்கு மட்டும் இதைப் பத்தி என்னத்தத் தெரியும்? உங்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியாமத்தான் தெனமும் அதயே கேட்டுட்டு இருந்தேன்."

அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். முதல்முறையாக!

அப்புறம் எல்லாம் ஜரூராக நடந்தது. மரப்பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கினேன். சுருட்டுகள் வந்த பழைய பெட்டியின் மரத்தகடுகளை அடியில் போட்டேன். ஈரத்தை அறுபத்தைந்திலேயே நிறுத்தி வைக்கும் சின்னப் பாக்கெட் இரண்டு, உப்பில் சோதித்த புது மீட்டர் ஒன்று. வெயில் ஏறினால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்துவிடும் என்று படித்ததால், அவற்றைக் குளிரில் அழிக்க, மிச்சமிருந்த இருபத்திரண்டையும் ஜிப் கவரில் போட்டு மூன்று நாள் ஃபிரீசரில் வைத்தேன். பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, அதன் பிறகே வெளியே எடுத்தேன்.

அதற்குள் அவருடைய அம்மா, என் அத்தை, ஃபிரீசரைத் திறந்துவிட்டார். "ஏஞ்சாமி, இதென்ன முருங்கக்காய இப்படிக் கருக உட்டிருக்கற?"

விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது!

கோடையில் டப்பாவை, கோழிகளுக்குத் தடுப்பு மருந்து வரும் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, வடக்குப் பக்க அறையில் தரையோடு வைத்தேன். மீட்டர் அறுபத்தைந்தை விட்டு இறங்கவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி, கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து அவர் ரிக் எடுத்தார். முதல் போர் கெங்கவல்லிப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டில். தண்ணீர் பீறிட்டு வந்ததும், சேறு தெறித்த சட்டையோடு ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். இரண்டே இழுப்பு... ஒரே இருமல். கூட்டாளிதான் ஒன்றை இழுத்துப் பார்த்து, "அட, நேத்துச் சுத்துனாப்ல இருக்குதுங்க!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்ஜின் சத்தத்தில் எல்லோருக்கும் கேட்டிருக்காது. எனக்கு நன்றாகக் கேட்டது.

இப்போது என் கணவருடைய ஆபீஸில் சுருட்டுக்கென்றே கரண்டில் ஓடும் கண்ணாடி அலமாரியே இருக்கிறது. வருகிறவர்களுக்குக் கொடுக்க வைத்திருக்கிறார். எண் தானாக ஒளிர்கிறது. ஏறினாலும் இறங்கினாலும் போனுக்குத் தகவல் வந்துவிடுகிறது. அவரும் தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறார். சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போன வாரம் ட்ரெய்னிங்குக்காக நான்கு நாள் ஹைதராபாத் போயிருந்தேன். இரண்டாம் நாள் அவரிடமிருந்து போன். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். பிறகு மெதுவாக, "தோசை மாவு புளிச்சுதா இல்லையான்னு எப்படிப் பாக்கறது?" என்றார்.

வீட்டில் அத்தை இருக்கிறார். அவரிடமே கேட்டிருக்கலாம்.

நான் அரை மணி நேரம் விளக்கினேன்.