மாம்பலத்துச் சாயபு வீட்டில் மூன்று காலைகள்

என் அப்பா நாற்பத்து நான்காவது வயதில், சாப்பாட்டு இலைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். போன ஐப்பசியில் எனக்கு நாற்பத்து நான்கு பிறந்தது. கார்த்திகையில் இடது மார்பில் வலி வந்தது. மார்கழி முதல் வாரம் நான் சென்னைக்கு ஓடியதற்கு வேறு காரணம் வேண்டுமா?

நான் விழுப்புரத்தில் பத்திரம் நகலெடுக்கும் குமாஸ்தா. குனிந்தால் குத்தும், மூச்சை இழுத்தால் குத்தும். மத்தியானம் கண்ணயர்ந்தால் என் மனைவி மூக்கருகே விரல் வைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாள், பாவம்.

எழும்பூருக்கு நூறு மைல், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. இறங்கியதும் நேரே பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் குழாய் வைத்துக் கேட்டார், தட்டினார், விலாவில் ஓரிடத்தை அழுத்தினார். நான் அலறினேன். "இருதயம் நன்றாயிருக்கிறது ஐயா, இது எலும்புச் சமாசாரம்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பாவுக்கும் எங்கள் ஊர் வைத்தியர் வெறும் வாயு என்றுதான் சொன்னார். என் முகத்தைப் பார்த்த கம்பவுண்டர், எலும்பு என்றால் மாம்பலத்துச் சாயபுவிடம் போங்கள், ஒரு பழைய துணி எடுத்துப் போங்கள் என்றார்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு எலெக்ட்ரிக் ரயில். மாம்பலத்துக்குக் கால் மணி நேரம், இரண்டு அணா. அங்கிருந்து ஜட்கா முக்கால் மைல், மூன்று அணா. (நாலு கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.) தியாகராய நகர் என்று புதிதாக உண்டாகிற பேட்டை அது. நேர்கோடாகத் தெருக்கள், முனைக்கு முனை பெயர்க்கல், ஆனால் வீடுகள் இல்லை. பனிமூட்டத்தில் தெரு மேல் தெருவாக ஆளில்லாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் தவளைச் சத்தம். தண்ணீரையே காணோம், தவளை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"இங்க ஏரி இருந்திச்சு சார். தூர்த்துட்டாங்கோ. தவளைக்கு யாரு போயி சொல்றது?" என்றார் ஜட்காக்காரர்.

பழைய ஏரிக்கரை மேல் ஒற்றை ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சட்டையக் கழட்டிட்டு செவுத்தப் பாத்துக் குந்துங்க. திரும்பாதீங்க."

"ஏன் சாயபு?"

"மூஞ்சியப் பாத்தா உங்க பயம் எனக்குத் தெரியும். அப்புறம் கை சொல்றது காதுல வுழாது."

நல்லெண்ணெய் வாசனையோடு இரண்டு கட்டைவிரல்கள் முதுகுத்தண்டை ஒட்டி இறங்கின. ஐஸ் மாதிரி குளிர்ச்சி. "வலி முன்னால, கோளாறு பின்னால கீது. மூச்ச வுடுங்க" என்றார். விட்டேன். மடக்கென்று ஒரு சத்தம். செத்தேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த மூச்சை இழுத்தால், வலியே இல்லை! ஒரு மாதமாகக் குத்தியது எங்கே போனது?

ஆனால் கையை அவர் எடுக்கவில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கையை அப்படியே வைத்திருந்தார். நான் மனத்துக்குள் நூறு வரை எண்ணிவிட்டேன்.

"முன்னாடி வந்துகீறீங்களா?"

"இல்லையே. இதுதான் முதல் தடவை."

"இந்த முதுக நான் தொட்டுகீறேன்" என்றார்.

கொண்டுபோன துணியை எண்ணெயில் நனைத்து மார்பைச் சுற்றிக் கட்டி, ஒரு மணி நேரம் சுவரைப் பார்த்தபடியே படுக்க வைத்தார். பிறகு அவிழ்த்துச் சுவரோரக் கொடியில் போட்டார். அங்கே ஏற்கெனவே இருபது முப்பது துணிகள் தொங்கின. மூன்று நாள் வைத்தியம் முடிந்தால்தான் துணி திரும்பக் கிடைக்கும். பாதியில் போனவர்களின் துணி அங்கேயே இருக்கும். "வந்து கேட்டா குடுக்கணுமில்ல?" என்றார்.

வலி போய்விட்டதே, சாயங்கால வண்டிக்கே கிளம்பலாமா என்று பார்த்தேன். அந்த முதுகுப் பேச்சுதான் சத்திரத்தில் தங்க வைத்தது. இரண்டாம் நாளும் கை அதே இடத்திலேயே நின்றது.

மூன்றாம் நாள் பனி விலகி, கொடி மேல் வெயில் விழுந்தது. என் துணியின் மூலையில் சேங்கொட்டை மையில் இட்ட எங்கள் வீட்டுச் சலவைக் குறி, இரண்டு கோடும் மூன்று புள்ளியும். நாலு துணி தள்ளி, பழுப்பேறிய ஒரு துண்டிலும் அதே இரண்டு கோடு, மூன்று புள்ளி. அப்பாவின் துண்டு! அதைச் சலவைக்காரர் தொலைத்துவிட்டதாக அப்பா சொல்ல, அம்மா அந்த மனிதரை ஒரு மாதம் திட்டித் தீர்த்தாள்.

"அந்தப் பழுப்புத் துண்டு யாருடையது சாயபு?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"ஏரி இருந்த காலத்துல ஒரு நாளுதான் வந்தாரு. எலும்பு செரியாப் போச்சு. அதுக்கும் உள்ள, கைக்கு எட்டாதது ஒண்ணு இருந்திச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். வலிதான் போயிடுச்சே சாயபுன்னு சிரிச்சுக்கினே போயிட்டாரு. அவரு எப்படிகீறாரு?"

"என் அப்பா. போய்விட்டார்" என்றேன். முதுகில் இருந்த கை எழுந்து, மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"எனக்கும் அது இருக்கிறதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

"அதத்தான் மூணு நாளா தேடினேன். இல்ல. வூட்டுக்குப் போங்க."

அழுதுவிட்டேன், வெட்கமென்ன. கடைசி வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு துணிகளையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: நெஞ்சு வலித்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், எலும்பு என்று அவர் சொன்ன பிறகு சாயபு. வெறும் வயிற்றில், ஏழு மணிக்குள் போய்விடுங்கள். நாலு முழத் துணி போதும். மூன்று நாளுக்குச் சத்திரம் பேசிக்கொள்ளுங்கள். முதல் நாளே வலி போய்விடும். போனதும் ரயில் ஏறிவிடாதீர்கள். என் அப்பா ஏறினார்.